சியாச்சின் பயனியர்ஸ்: 114 ஹெலிகாப்டர் யூனிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

114 ஹெலிகாப்டர் யூனிட் என்பது எது? எங்கே இருக்கிறது?

இந்திய விமானப்படையின் மேற்கு வான் கட்டளையின் கீழ், லே தளத்தில் இயங்கும் இலகு ஹெலிகாப்டர் பிரிவு. 1964-ல் தொடங்கப்பட்டது. படைக்குள் ‘சியாச்சின் பயனியர்ஸ்’ என்று பெயர். சால்டோரோ மலைமுகட்டிலும் சியாச்சின் பனியாற்றிலும் உள்ள காவல் சாவடிகளுக்கு மண்ணெண்ணெய், உணவு, மருந்து, தோட்டா, கடிதம் எல்லாம் கொண்டுபோவதும், அங்கிருந்து நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் இறக்கிக்கொண்டு வருவதும் இதன் அன்றாட வேலை. லே ஓடுதளமே 10,600 அடிக்கு மேல் இருக்கிறது. பல நாடுகளில் ஹெலிகாப்டர்கள் அரிதாக எட்டிப்பார்க்கும் உயரத்திலிருந்துதான் இவர்களின் பயணம் தொடங்குகிறது.

அதை ஏன் ‘ஸ்குவாட்ரன்’ என்று சொல்வதில்லை?

வெறும் பெயரிடும் வழக்கம். விமானப்படையில் போக்குவரத்து ஹெலிகாப்டர் பிரிவுகள் பெரும்பாலும் ‘ஹெலிகாப்டர் யூனிட்’ என்றே அழைக்கப்படுகின்றன. பேச்சில் ‘எச்.யூ.’.

தரைப்படையின் ஹெலிகாப்டர்களும் அங்கே பறக்கின்றனவே, இரண்டும் ஒன்றா?

இல்லை. தரைப்படைக்குத் தனியாக ஆர்மி ஏவியேஷன் கோர் உண்டு. 1986 நவம்பர் 1 அன்று அது தனிப் பிரிவானது. அதற்கு முன்பு அதே வேலையைப் பீரங்கிப் படையின் ‘ஏர் ஓ.பி.’ பிரிவுகள் பார்த்தன. மேலிருந்து குண்டு விழும் இடத்தைப் பார்த்துப் பீரங்கிக்குத் திருத்தம் சொல்வது அவற்றின் ஆதித் தொழில். பனியாற்றில் தரைப்படையின் ‘சியாச்சின் ஃபால்கன்ஸ்’ என்ற 666-வது ஸ்குவாட்ரனும் 114 ஓட்டும் அதே சீட்டா வகை ஹெலிகாப்டர்களைத்தான் ஓட்டிவந்தது. வேலையை இரு படைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது யாருடையது என்று பிரிப்பது கடினம்.

பனியாற்றில் ஹெலிகாப்டர் எப்போது முதலில் இறங்கியது?

1984-ல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1978 அக்டோபரிலேயே விமானப்படையின் சேத்தக் என்ற இலகு ஹெலிகாப்டர் ஒன்று பனியாற்றில் இறங்கிவிட்டது. சியாச்சினை இந்தியா தன் பிடியில் கொண்டுவந்த 1984-ன் மேகதூத் நடவடிக்கைக்கு ஐந்தரை ஆண்டுகள் முன்பே அந்த உயரத்தில் என்ன முடியும், என்ன முடியாது என்று பைலட்டுகள் கற்கத் தொடங்கியிருந்தார்கள்.

1984 ஏப்ரல் 13 அன்று விடிகாலையில் பிலாஃபோண்ட் லா கணவாயில் குமாவோன் ரெஜிமென்ட் வீரர்களை இறக்கும் வேலை தொடங்கியது. கேப்டன் சஞ்சய் குல்கர்னியின் பிளாட்டூனை சீட்டா ஹெலிகாப்டர்கள் ஒரு நடைக்கு இரண்டு பேர் வீதம் ஏற்றிச் சென்றன. ஒரு பிளாட்டூன் முப்பது பேர் அளவுதான், அதற்கே 17 நடைகள் தேவைப்பட்டன. பிறகு வானிலை மூடிக்கொண்டது. சியா லா கணவாய்க்கு ஆட்களை ஏற்ற ஏப்ரல் 17 வரை காத்திருக்க நேர்ந்தது. இறக்கிவிட்ட ஆட்களுக்கும் கீழே உள்ள தளத்துக்கும் நடுவே நாலு நாள் மேகம் நிற்கலாம் என்பதை எல்லாரும் அப்போதே கண்டுகொண்டார்கள். சாவடிகளில் பல நாட்களுக்கான கையிருப்பு வைப்பதன் காரணம் இதுதான்.

ஹெலிகாப்டர் மட்டும் இதைச் செய்யவில்லை. ஏ.என்.-12, ஏ.என்.-32, ஐ.எல்.-76 விமானங்கள் உயரமான ஓடுதளங்கள் வரை சரக்கைக் கொண்டுவந்தன, பாராசூட்டிலும் போட்டன. அங்கிருந்து எம்.ஐ.-8, எம்.ஐ.-17 நடுத்தர உயரம் வரை. கடைசிப் படிதான் சீட்டாவுக்கு.

ஏன் சீட்டா? அவ்வளவு பழைய, சின்ன ஹெலிகாப்டர்…

பெரிய இதயத்தைச் சின்ன உடம்பில் பொருத்தியதுதான் அதன் ரகசியம். 1960களின் இறுதியில் இந்தியப் படைகள் மலைக்கு ஏற்ற ஹெலிகாப்டர் கேட்டபோது, பிரான்ஸ் நிறுவனம் தன் அலுவெட் 2 ஹெலிகாப்டரின் கூடுபோன்ற லேசான உடலை எடுத்து, அலுவெட் 3-ன் ஆர்ட்டூஸ்ட் 3பி எஞ்சினையும் ரோட்டர் அமைப்பையும் அதில் மாட்டியது. அதுதான் லாமா. 1969 மார்ச்சில் முதன்முதலில் பறந்தது. இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உரிமம் பெற்று இங்கே கட்டியபோது சீட்டா ஆனது. சேத்தக்கும் இதே எஞ்சின்தான், ஆனால் உடல் நூறு கிலோவுக்கு மேல் கனம்.

அந்த எஞ்சினால் கடல் மட்டத்தில் 870 குதிரைத்திறன் தர முடியும். ஆனால் 550-க்கு மேல் எடுக்காதபடி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மிச்சம் வீணாகவில்லை. காற்று மெலிய மெலிய எஞ்சினின் உண்மைத் திறன் குறைந்துகொண்டே போகும். ஏற்கெனவே கையிருப்பு உள்ளதால் சுமார் 4,000 மீட்டர் வரை பைலட்டுக்கு அந்த இழப்பு தெரியாது. அதற்கு மேல்தான் தெரியத் தொடங்கும்.

1972 ஜூன் 21 அன்று ழான் பூலே என்ற பிரெஞ்சு சோதனை பைலட் லாமாவை 12,442 மீட்டருக்குக் கொண்டுபோனார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. ரோட்டர் தானாகச் சுழலும் ஆட்டோரொட்டேஷனிலேயே தரை வரை இறங்கினார். சாதனை அந்த ஹெலிகாப்டருடையது என்பது சரி. ஆனால் தேவையற்ற பாகங்களைக் கழற்றிய வெற்று ஹெலிகாப்டர் அது. சாவடிக்கு அரிசி கொண்டுபோகும் ஹெலிகாப்டரோடு அதை ஒப்பிடக் கூடாது.

21,000 அடியில் அப்படி என்ன மாறிவிடுகிறது?

காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. எஞ்சினுக்கு எரிக்கக் காற்று பாதி, ரோட்டர் தள்ளுவதற்கும் பாதி, வால் ரோட்டருக்கும் பாதி. மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன.

ஆனால் பைலட் பார்ப்பது உயரமானியின் எண்ணை மட்டும் அல்ல, அடர்த்தி உயரத்தை, அதாவது காற்றின் அடர்த்திப்படி ஹெலிகாப்டர் உணரும் உயரத்தை. கணக்கு எளிது. திட்ட வளிமண்டலப்படி (கணக்குக்காக ஒப்புக்கொண்ட சராசரி வளிமண்டலம்) 21,000 அடியில் வெப்பநிலை சுமார் −27 டிகிரி இருக்க வேண்டும். அதைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்க்க வேண்டும். கோடையில் ஒரு நாள் அங்கே −10 என்றால் வித்தியாசம் 17 டிகிரி, 17 × 120 = 2,040 அடி. ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அது 23,000 அடியில் இருக்கிறது. அதே இடத்தில் −40 என்றால் 19,500 அடிக்குக் கீழே இருப்பதுபோல் நடந்துகொள்ளும். (குளிர்காலத்தில் அந்த உயரத்தில் அழுத்தமும் சற்று இறங்கிவிடுவதால் முழு லாபமும் கைக்கு வராது.)

அப்படியானால் எவ்வளவு எடை ஏற்ற முடியும்?

மிக உயரமான சாவடிகளுக்கு, ஒரு நடைக்கு ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய். 20 லிட்டர் மண்ணெண்ணெய் 16 கிலோ, கேனோடு சேர்த்தால் 20 கிலோ. கேட்பவர்கள் நம்புவதில்லை, ஆகவே கணக்கைப் பார்த்துவிடலாம்.

1969-ல் இமயத்தில் நடந்த செயல்விளக்கத்தில் லாமா 7,500 மீட்டரில் இரண்டு பேரும் 120 கிலோ எரிபொருளுமாக இறங்கி ஏறியது. ஹெலிகாப்டரின் வெற்று எடை 1,021 கிலோ, ஆட்கள் இருவர் 160 என்றால், மொத்தம் 1,300 கிலோ. சரக்கு: பூஜ்யம். சாவடி அதைவிடத் தாழ்வு என்பதால் எல்லை கொஞ்சம் கூடும், 1,400 என்று வையுங்கள். இப்போது பணியில் உள்ள ஹெலிகாப்டரில் ரேடியோ, ஆக்சிஜன் உருளை, உயிர்காப்புப் பொருட்கள் இருக்கின்றன. பைலட்டுகள் குளிர் உடையில் இருக்கிறார்கள். திரும்பி வர எரிபொருள், அடுத்த பள்ளத்தாக்கில் மேகம் இறங்கினால் சுற்றிவர இன்னும் கொஞ்சம். கழித்துப் பாருங்கள், எஞ்சுவது சில பத்துக் கிலோதான். இந்த எண்கள் விளக்கத்துக்காக. உண்மையான எல்லையை அன்றன்றைய வெப்பநிலை, காற்று, அந்தக் குறிப்பிட்ட எஞ்சினின் நிலை ஆகியவற்றை வைத்து வரைபடத்தில் பார்த்தே எடுப்பார்கள்.

இதனால்தான் எரிபொருள் தொட்டியை (முழுக் கொள்ளளவு 575 லிட்டர், அதாவது 460 கிலோ) ஒருபோதும் நிரப்புவதில்லை. கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு 25 லிட்டரும் மேலே ஒரு கேனைக் குறைக்கிறது. குறைவாக ஊற்றினால் காத்திருக்கும் நேரம் குறைகிறது. இந்த யூனிட்டின் திறமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், தரையில் தராசுக்குப் பக்கத்தில் நடக்கும் இந்தப் பேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நடை எப்படி நடக்கிறது?

விடிந்ததும் தொடங்கும். மதியத்துக்குள் வெயில் பள்ளத்தாக்கைச் சூடாக்கிக் காற்றைக் கிளப்பிவிடும், மேகமும் முகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஹெலிகாப்டர்கள் இரண்டிரண்டாகப் போகும். சீட்டாவுக்கு ஒற்றை எஞ்சின். ஒன்று விழுந்தாலோ நின்றுவிட்டாலோ, மற்றது பார்த்து இடத்தைச் சொல்லவும், முடிந்தால் ஆட்களை எடுக்கவும் வேண்டும். சரக்கை எடை போட்டு, கைக்கு எட்டும்படி கட்டி வைப்பார்கள்.

சாவடியை நெருங்கியதும் நேராக இறங்குவதில்லை. ஹெலிபேடின் உயரத்திலேயே, திறந்த வெளியில் வேகத்தைக் குறைத்து சக்தியைச் சோதிப்பார்கள். ஆர்ட்டூஸ்ட் மாறாச் சுழற்சி எஞ்சின், நிமிடத்துக்கு 33,500 சுற்றில் ஓடும். எஞ்சின் தரும் திருகுவிசையைக் காட்டும் டார்க் மீட்டர் கிடையாது. கலெக்டிவ் (எல்லா ரோட்டர் இலைகளின் சாய்வையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) பிட்ச் காட்டியையும் எக்சாஸ்ட் வெப்பநிலையையும் பார்த்து, எல்லைக்கு முன் எவ்வளவு மிச்சம் என்று அறிவார்கள். மிச்சம் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். சரக்கோடு திரும்புவது தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

பிறகு காற்றை எதிர்கொண்டு அணுகல். இடையில் கைவிட்டால் எந்தப் பக்கம் சரிந்து விழுந்து வேகம் எடுப்பது என்பதை முன்பே முடிவு செய்திருப்பார்கள். ஹெலிபேடின்மேல் மிதந்து நின்று சரிபார்க்கும் ஆடம்பரம் கிடையாது. வேகம் பூஜ்யமாகும் கணமும் சறுக்குக்கால்கள் பனியைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோட்டர் சுழன்றபடியே ஆட்கள் சரக்கை இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புறப்படுவதும் பெரும்பாலும் முகட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே பாய்ந்து வேகம் பிடிப்பதுதான்.

மேலே எஞ்சினை ஏன் அணைப்பதில்லை?

எதிரிப் பீரங்கிக்கு நிற்கும் ஹெலிகாப்டர் நல்ல இலக்கு என்பது ஒரு காரணம். இன்னொன்று, திரும்பக் கிளம்பாமல் போகலாம். குளிரில் பேட்டரி தளர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் கம்ப்ரசரை மெதுவாகச் சுழற்றும். மெல்லிய காற்று இன்னும் குறைவாக உள்ளே வரும். எரிபொருளோ வழக்கம்போல் வந்து பற்றிக்கொள்ளும். குளிர்விக்கப் போதிய காற்று இல்லாமல் வெப்பம் எல்லை தாண்டி டர்பைன் இலைகள் கருகும். ‘ஹாட் ஸ்டார்ட்’ என்பது இதுதான். அப்படிக் கெட்ட எஞ்சினை 20,000 அடியில் மாற்றுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். 2018-ல் காண்டா சாவடியில் பனியில் சிக்கிய தரைப்படையின் துருவ் ஹெலிகாப்டரை மீட்டுப் பறக்கவைக்க மாதக்கணக்கில் ஆனது.

இறங்கும்போது என்னென்ன தவறலாம்?

அதிகம் பயப்பட வேண்டியது வெள்ளைத் திரை. ரோட்டரின் கீழ்க்காற்று பொடிப்பனியைக் கிளப்பினால் தரை, வானம், சாய்வு எதுவும் தெரியாது. பார்வைக்கு ஓர் ஆதாரம் வேண்டும். ஒரு கருநிறப் பெட்டி, கொடி, நிற்கும் ஓர் ஆள் போதும். அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

முகட்டின் மறுபுறக் கீழிறங்கு காற்று அடுத்தது. காற்று வரும் பக்கத்தில் மேலே தூக்கிவிடும், மறுபக்கம் அதே வேகத்தில் கீழே அழுத்தும். கையில் மிச்ச சக்தி இல்லாத ஹெலிகாப்டரால் அதை எதிர்த்து ஏற முடியாது.

தரை விளைவைக் கணக்கில் எடுப்பதும் ஏமாற்றும். ரோட்டர் விட்டம் 11 மீட்டர். அதில் பாதி உயரத்துக்குள் சமதரைமேல் வந்தால் காற்று மெத்தைபோல் தாங்கும். முனையில் உள்ள சின்ன ஹெலிபேடில் அந்தக் காற்று விளிம்பில் வழிந்து ஓடிவிடும், மெத்தை இருக்காது. பள்ளத்தாக்கில் பழகியவர் கலெக்டிவை வழக்கமான அளவுக்கு இழுப்பார், ரோட்டர் சுற்று சரியத் தொடங்கும். சுற்று சரிந்தால் வால் ரோட்டரும் சரியும், மூக்கு தானாகத் திரும்பும். இழுப்பதை நிறுத்திக் கலெக்டிவைச் சற்று இறக்குவதே மருந்து. தரை அருகில் இருக்கும்போது கை அதற்கு ஒப்பாது.

ஹெலிபேடை யார், எப்படிப் பராமரிக்கிறார்கள்?

சாவடியில் உள்ள வீரர்கள்தான். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் மிதித்துக் கெட்டியாக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கால் மட்டும் புதைந்து வால் சாயும். பனியாறு நகர்வதாலும் உருகுவதாலும் இன்னொரு தொல்லை: மூடி அமுக்கிய இடம் மெதுவாக உருகும், சுற்றுப்புறம் வேகமாக உருகும். சில மாதங்களில் ஹெலிபேட் ஒரு மேடையாக எழுந்து நிற்கும், விளிம்புகள் உதிரும். அப்போது புதிதாக வேறிடம் அமைக்க வேண்டியதுதான்.

குளிர்காலமா கோடையா, எது பறக்க நல்லது?

எடை ஏற்றக் குளிர்காலம். பறக்கக் கிடைக்கும் நாட்களோ கோடையில் அதிகம்.

காலையில் ஹெலிகாப்டரை எழுப்ப என்ன செய்கிறார்கள்?

இரவில் பேட்டரியைக் கழற்றிச் சூடான அறையில் வைப்பார்கள். காலையில் சூடான காற்றைக் குழாய்வழி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் செலுத்துவார்கள். ரோட்டர் இலைகளில் உறைபனியின் மெல்லிய படலம்கூட இருக்கக் கூடாது. உப்புக்காகிதம் அளவு சொரசொரப்பே தூக்குவிசையைத் தின்றுவிடும். 20 கிலோவுக்காக நடக்கும் பயணத்தில் அது முழுச் சரக்குக்குச் சமம். சுரண்டவும் கூடாது, இலையின் மேற்பரப்பு கெடும். துணியால் மூடி வைப்பதே சிறந்தது.

பைலட்டுகளுக்கு என்ன தயாரிப்பு?

முதலில் உடல் பழக வேண்டும். படைகளின் முறைப்படி 12,000 அடி வரை 6 நாள், 15,000 வரை இன்னும் 4 நாள், அதற்கு மேல் தங்குபவர்களுக்கு மேலும் 4 நாள். பிறகு கோ-பைலட்டாகப் பறந்து, பள்ளத்தாக்குகளையும் ஹெலிபேடுகளையும் படிப்படியாகக் கற்க வேண்டும்.

சீட்டாவின் கேபினில் காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது. 22,000 அடியில் ஆக்சிஜன் நின்றால் தெளிவாக முடிவெடுக்க 5 முதல் 10 நிமிடமே கிடைக்கும். மோசமான விஷயம், அப்போது எல்லாம் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். குழாயில் உறைந்த ஈரம் ஓட்டத்தை அடைப்பதும் உண்டு என்பதால் இருவரும் ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும்.

நோயாளியை இறக்குவது எப்படி?

நுரையீரலில் நீர் கோக்கும் உயர நோய்க்கு உண்மையான சிகிச்சை கீழே இறக்குவதுதான். இரவு என்றால் அழுத்தப்பையில் படுக்கவைத்து, காற்றை அடித்து, உயரம் குறைந்ததுபோன்ற நிலையை உண்டாக்கி விடியும்வரை தள்ளிப்போடுவார்கள். முதல் வெளிச்சத்தில் ஹெலிகாப்டர் காலியாக, குறைந்த எரிபொருளோடு வரும். ஒரு ஆள் 70 கிலோ என்றால் மூன்று நான்கு கேன்களின் எடை என்பதை நினைவில் வையுங்கள். அடித்தள முகாம் சுமார் 12,000 அடியில் இருக்கிறது. தீவிரமானால் லேயில் உள்ள 153 பொது மருத்துவமனைக்கோ, டோய்ஸ் ஓடுதளம் வழியாக டெல்லிக்கோ கொண்டுபோவார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் சாவடியில், 19,600 அடியில், மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்து பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அதில் இருந்தார்கள். மீட்புக் கருவிகளையும் மோப்ப நாய்களையும் மேலே கொண்டுசென்றவை ஹெலிகாப்டர்களே. ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை இறக்கியதும் அவைதான். அவர் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். மற்றவர்களின் உடல்களை இறக்க வானிலை மேலும் பல நாள் இடம்தரவில்லை.

இந்த யூனிட் குண்டு போடுமா?

போடாது. சீட்டா ஆயுதமற்றது, வேவு பார்ப்பதும் இலக்கைக் காட்டுவதும் அதன் வேலை. போர் விமானங்கள் தனி. 1984 செப்டம்பரில் 27-வது ஸ்குவாட்ரனின் ஹன்டர் விமானங்கள் லேயிலிருந்து பறக்கத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட நடைகள் பறந்தன.

பெரிய ஹெலிகாப்டரை வாங்கினால் பிரச்சினை தீராதா?

பெரியது என்றால் உடலும் கனம், அது இறங்க இடமும் வேண்டும். எம்.ஐ.-17 நான்கு டன் தூக்கலாம், ஆனால் முகட்டில் ஒரு அறை அளவு இடத்தில் இறங்காது. வழி வேறு: அதே உடலில் நல்ல எஞ்சின். 2009-ல் பனியாற்றுக்கு வந்த சீட்டல் அப்படிப்பட்டது. டி.எம்.-333 எஞ்சின், கணினிக் கட்டுப்பாடு. ஸ்டார்ட் செய்யும்போது பைலட் வெப்பமானியோடு மல்லுக்கட்டும் வேலை அதில் குறைந்தது. ‘சக்தி’ என்ற பெயருள்ள எஞ்சின் கொண்ட துருவ் இரட்டை எஞ்சின் பாதுகாப்பைத் தருகிறது. சீட்டாவுக்கு நேரடி வாரிசாக எச்.ஏ.எல். உருவாக்கிய எல்.யூ.எச். (இலகு பயன்பாட்டு ஹெலிகாப்டர்) 2020-ல் அமர், சோனம் ஹெலிபேடுகளில் இறங்கிக் காட்டியது.

மலையேறும் பொதுமக்களையும் மீட்பார்களா?

மாவட்ட நிர்வாகம் வழியாகக் கோரிக்கை வந்தால், ராணுவப் பணி அனுமதித்தால், உண்டு. 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு வெள்ளம் வந்தபோதும் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்பில் இருந்தன.

தகவல் கொடுப்பவர் சொல்ல வேண்டியவை: இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நோயாளியின் எடை, அவரால் உட்கார முடியுமா, காற்று எந்தப் பக்கமிருந்து. ‘அவசரம்’ என்பதைவிட எடையும் உயரமும் அதிகம் உதவும், எரிபொருளை அதை வைத்துத்தான் ஊற்றுவார்கள். இறங்குமிடத்தில் கூடாரத் துணி, பாய், பை எதையும் தளர்வாக விடாதீர்கள். ரோட்டர் அதை உறிஞ்சினால் இருவருக்கும் ஆபத்து. சாய்வான இடத்தில் ஹெலிகாப்டரைத் தாழ்ந்த பக்கமிருந்தே, பைலட் பார்க்கும்படி, குனிந்து அணுகுங்கள். மேட்டுப் பக்கம் ரோட்டர் இலை தலை மட்டத்துக்கே வந்துவிடும், வால் பக்கம் போகவே கூடாது.